ரைன் கரையிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரை: ஏழு நாள் குறிப்புகள்

முதல் நாள், செவ்வாய்: மைன்ஸ்

ஃபிராங்க்ஃபர்ட்டில் அக்கா வீட்டிலிருந்து மைன்ஸ் ரயிலில் முக்கால் மணி நேரம்கூட இல்லை. "கிடைச்சது ஒரு வாரம் லீவு. அதுல கோயில் கோயிலாப் போறேங்கிற. பாரிஸ் போய்ட்டு வாயேன்டா" என்று செருப்பு மாட்டும்போதுகூடச் சொன்னாள். பாரிஸ் எங்கேயும் போய்விடாது. எனக்கு வேறொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஜெர்மனியின் பெரிய வலதுசாரிக் கட்சிக்குப் பெயர் கிறிஸ்தவ ஜனநாயக ஒன்றியம். நெதர்லாந்தில் பல பத்தாண்டுகள் ஆட்சியில் இருந்த கட்சியின் பெயரிலும் 'கிறிஸ்தவ' இருக்கிறது. மன்னரோடும் நிலப்பிரபுக்களோடும் சேர்த்துத்தான் பழமைவாதம் என்ற சொல்லை நாம் படித்திருக்கிறோம். அதற்குள் கிறிஸ்து எப்படி வந்தார்? தூத்துக்குடியில் பனிமய மாதா கோயில் மணியைக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்தக் கேள்வி பல வருஷமாக மனதில் கிடக்கிறது.

மைன்ஸ் பேராலயம் சிவப்பு மணற்கல்லால் ஆனது. வெயிலில் பார்த்தால் செங்கல் சூளைபோல் இருக்கிறது, உள்ளே போனால் குளிர். நான் தேடிப் போனது ஒரு கல்லறையை. வில்ஹெல்ம் இமானுவேல் ஃபான் கெட்லர், 1850 முதல் 1877 வரை இங்கே ஆயராக, அதாவது பிஷப்பாக, இருந்தவர். வெஸ்ட்ஃபாலியாவின் பிரபு குடும்பத்துப் பிள்ளை. மாணவனாக இருந்தபோது வாள் சண்டையில் மூக்கு நுனியை இழந்தவர். சட்டம் படித்து, அன்றைய ஜெர்மன் அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசுப் பணியில் சேர்ந்தார். 1837இல் கலப்புத் திருமணத் தகராறில் பிரஷ்ய அரசு கொலோன் பேராயரைக் கைது செய்தது. கணவன் ஒரு சபை, மனைவி இன்னொரு சபை என்றால் பிள்ளை எந்தச் சபை என்பதை அரசு தீர்மானிக்குமா, கோயில் தீர்மானிக்குமா என்பதுதான் தகராறு. ஆயரையே சிறை வைக்கிற அரசுக்கு வேலை செய்ய மாட்டேன் என்று கெட்லர் பணியை உதறினார். பிறகு குருவானார்.

1848இல் ஐரோப்பா முழுக்கப் புரட்சி. அந்த வருஷக் கடைசியில் இதே பேராலயத்தில் கெட்லர் தொடர்ச்சியாகப் பிரசங்கம் செய்தார். அப்போது அவர் ஒரு கிராமத்துப் பங்குக் குரு, ஃபிராங்க்ஃபர்ட் தேசிய மன்றத்தின் உறுப்பினரும்கூட. சொத்துரிமை கடவுள் தந்தது, ஆனால் சொத்து வைத்திருப்பவன் அதற்கு முழு முதலாளி இல்லை, பொதுநலனுக்குப் பொறுப்பாளி என்பது அவர் வாதம். 1864இல் தொழிலாளர் பிரச்சினையைப் பற்றி ஒரு நூலே எழுதினார். 1869இல் திறந்தவெளியில் தொழிலாளர்கள் முன் நின்று கூலி, வேலை நேரம், ஓய்வு நாள், சங்கம் எல்லாவற்றையும் ஆதரித்துப் பேசினார். மார்க்ஸின் 'மூலதனம்' முதல் பாகம் வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

இன்று என்னை நிறுத்தி வைத்தது இதுதான். புரட்சி வேண்டாம் என்ற மனிதர், முதலாளியைத் தட்டிக் கேட்க வெட்கப்படவில்லை. அரசனின் பக்கமும் நிற்கவில்லை. நடுவில் இருக்கிற குடும்பம், கோயில் பங்கு, சங்கம், ஊர் இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்பதே அவர் கவலை. மேலே அரசு, கீழே தனி ஆள், இடையில் ஒன்றுமில்லை என்கிற நிலைக்கு அவர் பயந்தார். அந்த 1848 அக்டோபரில் இதே மைன்ஸில்தான் ஜெர்மன் கத்தோலிக்கச் சங்கங்கள் முதல் முறையாக ஒன்றுகூடின. அந்த மாநாடு இன்றுவரை தொடர்ந்து நடக்கிறது.

கல்லறைக்கு முன்னால் ஒரு பாட்டி மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, காசுப் பெட்டியில் நாணயம் விழுந்ததா என்று காதைச் சாய்த்துக் கேட்டார். விழுந்தது. போய்விட்டார்.

இரண்டாம் நாள், புதன்: மரியா லாஹ்

பஸ்ஸைத் தவறவிட்டு ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்றேன். மடத்துக்கு வந்து சேரும்போது மதிய ஜெபம் முடிந்துவிட்டது. வருத்தம்தான், ஆனால் ஏரி அந்த வருத்தத்தைத் தீர்த்தது.

லாஹ் ஏரி எரிமலை வெடித்து உண்டான பள்ளம். கிழக்குக் கரையில் நடந்தால் தண்ணீருக்குள்ளிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் சங்கிலிபோல் மேலே வருகின்றன, சோடா பாட்டிலைத் திறந்தமாதிரி. கீழே எரிமலை இன்னும் மூச்சு விடுகிறது, கரியமில வாயு. குனிந்து கையை நீட்டி வைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் வந்து வெடிக்கும்போது சூடு இல்லை, லேசாகக் கூசுகிறது. மறுகரையில் ஆறு கோபுரங்களோடு மடத்துக் கோயில். 1093இல் தொடங்கியது.

இந்த மடத்தில் பல கதைகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் இது இயேசு சபையினர் கையில் இருந்தது. 1871இல் ஜெர்மனி ஒரே பேரரசாக ஆனதும் அதன் சான்ஸலர் பிஸ்மார்க்குக்கு கத்தோலிக்கர்மீது சந்தேகம் வந்தது. ரோமுக்குக் கட்டுப்பட்டவர்கள் பெர்லினுக்குக் கட்டுப்படுவார்களா என்பது அவர் கேள்வி. அந்தச் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்ல முடியாது. 1864இல் திருத்தந்தை, அதாவது போப், ஒன்பதாம் பத்திநாதர் தாராளவாதத்தையும் நவீன நாகரிகத்தையும் பிழைகளின் பட்டியலில் சேர்த்தார். 1870இல் திருத்தந்தை தவறா வரம், அதாவது விசுவாசக் காரியங்களில் அவர் அறுதியாகச் சொல்வது தவறாது என்பது, கோட்பாடாக அறிவிக்கப்பட்டது. ஆனால் பிஸ்மார்க் எடுத்த வழி சட்டத்தின் கையால் கழுத்தைப் பிடிப்பது. 1872இல் இயேசு சபையை நாட்டைவிட்டு விரட்டும் சட்டம் வந்தது. இங்கே இருந்தவர்கள் பெட்டி கட்டினார்கள். அந்தச் சட்டம் முழுதாக நீங்க 1917 ஆனது.

அப்புறம் பெனடிக்ட் சபைத் துறவிகள் 1892இல் வந்தார்கள், இன்றுவரை அவர்கள்தான்.

அடுத்த அடுக்கு 1933. கொலோன் நகர மேயர் கொன்ராட் அடெனாவர், பின்னால் மேற்கு ஜெர்மனியின் முதல் சான்ஸலரானவர், ஹிட்லர் நகரத்துக்கு வந்தபோது பாலத்தில் கட்டியிருந்த ஸ்வஸ்திகாக் கொடிகளை இறக்கச் சொன்னவர். மார்ச்சில் பதவியைப் பறித்தார்கள், உயிருக்கும் ஆபத்து. இந்த மடத்தின் தலைவர் ஹெர்வேகன் அவருடைய பள்ளித் தோழர், இடம் கொடுத்தார். ஏறக்குறைய ஒரு வருஷம் அடெனாவர் இங்கே துறவிகளோடு இருந்தார். மனைவியும் பிள்ளைகளும் வேறிடத்தில். அந்த மாதங்களில் அவர் உட்கார்ந்து படித்தவற்றில் இரண்டு திருத்தந்தையரின் சுற்றுமடல்கள் உண்டு: பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் தொழிலாளர் நிலை குறித்து எழுதியது, பதினோராம் பத்திநாதர் 1931இல் எழுதியது. இரண்டாவதன் வரைவை எழுதியவர் ஓஸ்வால்ட் ஃபான் நெல்-பிராய்னிங் என்ற ஜெர்மன் இயேசு சபைக் குரு. அதிலுள்ள ஒரு கொள்கை இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. குடும்பமோ ஊரோ சங்கமோ தானே செய்துகொள்ளக்கூடியதை மேலே இருப்பவன் பிடுங்கிக்கொள்ளக் கூடாது. அவர்களால் முடியாதபோது கைகொடுக்க வேண்டும், கைகொடுத்தபின் கையை எடுத்துவிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கலாம் என்றால் முடியவில்லை. அடெனாவருக்கு இடம் கொடுத்த அதே ஹெர்வேகன் 1933இன் தொடக்கத்தில் புதிய ஆட்சியை வரவேற்றவர். ஒழுங்கு திரும்பும், தாராளவாதக் குழப்பம் தீரும் என்று நம்பிய கத்தோலிக்கப் பெரியவர்கள் அந்தக் கோடையில் இந்த மடத்தில் கூடிப் பேசினார்கள். ஆஸ்திரியாவில் ஆட்சித் தலைவர் டோல்ஃபுஸ் 1933இல் நாடாளுமன்றத்தை ஒழித்துவிட்டு, 1931 சுற்றுமடலைக் காட்டித்தான் தன் சர்வாதிகாரத்துக்கு நியாயம் சொன்னார். ஒரே புத்தகம். ஒருவர் அதை அரசுக்கு எல்லை போடுவது என்று வாசித்தார், இன்னொருவர் கட்சிகளே இல்லாத ஓர் ஒழுங்கு என்று வாசித்தார். ஒரே கூரையின் கீழ் இரண்டு வாசிப்பும் நடந்திருக்கிறது. மாலை ஜெபத்தில் துறவிகள் லத்தீனில் பாடும்போது எனக்கு இந்த நினைப்புதான்.

மூன்றாம் நாள், வியாழன்: ரோன்டார்ஃப்

அடெனாவர் வீடு. குன்றுச் சரிவில், நிறையப் படிகள். 1937இல் கட்டியது. தோட்டத்தில் ரோஜா, உருட்டுப் பந்து விளையாட ஒரு நீளமான மண் தடம். கீழே ரைன் நதி பளபளக்கிறது. மழை தூறியதால் அதிகம் சுற்றவில்லை.

வரவேற்பறைச் சன்னல் அருகே நின்றபோது தோன்றியதை மட்டும் எழுதிவைக்கிறேன். போருக்குப்பின் ஐரோப்பாவைச் சேர்த்துக் கட்டியவர்கள் என்று மூன்று பேரைச் சொல்வார்கள்: ஜெர்மனியின் அடெனாவர், பிரான்ஸின் ராபர்ட் ஷூமான், இத்தாலியின் அல்சீதே தெ காஸ்பரி. மூவரும் கத்தோலிக்கர். ஷூமான் லக்சம்பர்க்கில் பிறந்தவர், தெ காஸ்பரி ஆஸ்திரியப் பேரரசின் கீழிருந்த திரெண்டினோவில். அதனால் மூவரும் ஜெர்மனில் பேசிக்கொள்ள முடிந்தது. எல்லைப்புறத்துப் பிள்ளைகள், தலைநகரத்தின்மேல் பெரிய பாசம் இல்லாதவர்கள். மூவருமே கெட்ட காலத்தைக் கோயில் நிழலில் கழித்தவர்கள். அடெனாவர் லாஹ் மடத்தில். முசோலினியின் சிறையிலிருந்து வந்த தெ காஸ்பரி வத்திக்கான் நூலகத்தில் புத்தகப் பட்டியல் எழுதிப் பிழைத்தார். 1942இல் நாஜிக் காவலிலிருந்து தப்பிய ஷூமான் மடம் மடமாக ஒளிந்திருந்தார். நாட்டைவிடப் பழைய ஒன்று தங்களுக்கு இடம் கொடுத்தது என்ற அனுபவம் மூவருக்கும் இருந்தது. தேசம்தான் எல்லாம் என்று அவர்கள் பிறகு பேசாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நான்காம் நாள், வெள்ளி: கொலோன்

ரயில் நிலையக் கதவைத் தாண்டினால் பேராலயம் முகத்தில் அறைகிறது. 157 மீட்டர் உயரம், கரி பிடித்த கறுப்பு. 1248இல் அடிக்கல், 16ஆம் நூற்றாண்டில் பணி நின்றது. முந்நூறு வருஷம் அரைகுறைக் கோபுரத்தின் உச்சியில் ஒரு மரப் பாரந்தூக்கி அப்படியே நின்றுகொண்டிருந்தது. 1842இல் மறுபடி தொடங்கி 1880இல் முடித்தார்கள்.

முடித்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். 1880 அக்டோபர் 15. பேரரசர் முதலாம் வில்ஹெல்ம், இளவரசர்கள், ஊர்வலம், பீரங்கி மரியாதை. பேரரசர் புரொட்டஸ்டண்ட். ஆனால் கோயிலுக்குச் சொந்தக்காரரான பேராயர் பவுல் மெல்ஹர்ஸ் அங்கே இல்லை. 1874இல் அவரை இதே ஊர்ச் சிறையில் ஆறு மாதத்துக்கு மேல் அடைத்துவைத்தார்கள். மறுபடி பிடிக்க வருகிறார்கள் என்று தெரிந்து 1875இல் நெதர்லாந்துக்குத் தப்பியவர் திரும்ப முடியவில்லை. அறுநூற்றுச் சொச்சம் வருஷம் கட்டிய கோயிலின் திறப்புக்கு ஆயர் எல்லை தாண்டி ஒளிந்திருக்கிறார். கொலோன் கத்தோலிக்கர்கள் விழாவைத் தூரத்தில் நின்று பார்த்தார்கள், கைதட்டவில்லை. மேற்கு வாசல் படியில் உட்கார்ந்து அந்த நாளை நினைத்துப் பார்த்தேன். நம் ஊரில் தேர் ஓடும் நாளில் வடம் பிடிக்க வேண்டியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும், அப்படி.

குருமாரின் படிப்பையும் நியமனத்தையும் அரசு தன் கைக்குக் கொண்டுவந்த சட்டங்கள் 1873 மே மாதம் வந்தன. ஆயர்கள் ஒத்துழைக்க மறுத்தார்கள். அபராதம், சிறை, ஊதிய நிறுத்தம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சில வருஷத்தில் பிரஷ்யாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோயில் பங்குகளில் குரு இல்லை. சாகக் கிடப்பவருக்குக் கடைசி ஆசீர்வாதம் கொடுக்க ஆள் கிடையாது. பிஸ்மார்க் எதிர்பார்த்தது பணிவு. கிடைத்தது வேறு. 1870இல் தொடங்கிய மையக் கட்சி என்ற கத்தோலிக்கக் கட்சிக்கு 1871இல் 63 இடம், 1874இல் 91. விவசாயி, நெசவாளி, சுரங்கத் தொழிலாளி, பிரபு எல்லாரும் ஒரே சின்னத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். வின்ட்ஹோர்ஸ்ட் என்ற குள்ளமான, கண் பார்வை மங்கிய வக்கீல் பிஸ்மார்க்கை நாடாளுமன்றத்தில் நேருக்கு நேர் நின்று வதைத்தார். கடைசியில் பிஸ்மார்க் பெரும்பாலான சட்டங்களைப் படிப்படியாகத் திரும்பப் பெற்றார்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த மனிதர் கத்தோலிக்கரே இல்லை. எர்ன்ஸ்ட் லுட்விக் ஃபான் கெர்லாஹ், பிரஷ்யப் பழமைவாதக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், ஜெர்மன் புரொட்டஸ்டண்ட் பக்தியியக்கத்தில் ஊறிய லூத்தரன், பிஸ்மார்க்கை அரசியலில் வளர்த்துவிட்டவர்களில் ஒருவர். பத்துக் கட்டளை அரசனுக்கும் பொருந்தும் என்று நம்பியவர். 1866இல் பிரஷ்யா ஆஸ்திரியாவோடு போரிட்டுச் சின்ன அரசுகளை விழுங்கியபோது, இது திருட்டு என்று எழுதி நண்பனோடு முறித்துக்கொண்டார். பிறகு தொல்லைக்குள்ளான கத்தோலிக்கர்களின் மையக் கட்சியோடு நாடாளுமன்றத்தில் போய் உட்கார்ந்தார். 1877இல் பெர்லினில் வண்டி மோதி இறந்தார். மன்னரோடு பலிபீடத்தைச் சேர்த்துக்கட்டிய லூத்தரன் பழமைவாதத்துக்கு அந்த நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. ஆனால் மன்னன் தவறினால் பலிபீடத்தின் பக்கம் நிற்பேன் என்ற கெர்லாஹ் போன்றவர்கள் அதில் மிகச் சிலரே. மிகச் சிலராக இருந்ததற்கு ஜெர்மனி பின்னால் பெரிய விலை கொடுத்தது.

கத்தோலிக்கரும் கொடுத்தார்கள். 1933 மார்ச் 23இல் ஹிட்லருக்கு எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்த சட்டத்துக்கு மையக் கட்சி ஆதரவாக ஓட்டுப் போட்டது.  பள்ளிகளும் கோயில்களும் பாதுகாக்கப்படும் என்ற வாக்குறுதியை நம்பினார்கள். ஜூலை 5இல் கட்சியே தன்னைக் கலைத்துக்கொண்டது. பிஸ்மார்க்கிடம் பள்ளியையும் கோயிலையும் காக்கப் போராடியவர்கள், பள்ளியும் கோயிலும் மட்டும் தப்பினால் போதும் என்று மற்றவர்களைக் கைவிட்டார்கள். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் இவர்கள் எனக்கு அந்நியர் இல்லை. நானும் அதே ஜெபத்தைச் சொல்லி வளர்ந்தவன்.

1945 கோடையில், இடிந்த கொலோனுக்குப் பக்கத்தில், வால்பெர்பெர்க் என்ற ஊரின் தொமினிக்கன் மடத்தில் சிலர் கூடிப் புதிய கட்சிக்கு அடிப்படை எழுதினார்கள். இந்த முறை கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டும் சேர்ந்து. கட்சியின் பெயரில் 'ஒன்றியம்' என்ற சொல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

ஐந்தாம் நாள், சனி: கெவலார்

இன்று எழுதக் கை ஓடவில்லை, மனது நிறைந்து கிடக்கிறது.

கெவலார் நெதர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். 1641 கிறிஸ்துமஸ் சமயம் ஹென்ட்ரிக் பூஸ்மான் என்ற தெரு வியாபாரி, சாலையோரச் சிலுவை முன் ஜெபிக்கும்போது "இங்கே எனக்கு ஒரு சின்னக் கோயில் கட்டு" என்று குரல் கேட்டதாகச் சொன்னார். முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். கோயில் என்றால் ஆறு பக்கமுள்ள ஒரு சிறு மண்டபம். உள்ளே இருக்கும் படம் நம் உள்ளங்கையளவுதான், காகிதத்தில் அச்சடித்த துயருறுவோரின் ஆறுதல் அன்னை. தங்கச் சட்டம் இவ்வளவு பெரிதாக இருக்க, நடுவில் அந்தப் பழுத்த காகிதம். வரிசையில் நின்று சன்னல் வழியாகக் குனிந்து பார்க்க வேண்டும்.

வரிசை முழுக்கத் தமிழ். ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஈழத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே கூடுகிறார்கள். பட்டுப்புடவை, மல்லிகைச் சரம், ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு. நெற்றியில் திருநீறோடு வந்தவர்களும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். கார் நிறுத்துமிடத்தில் டிக்கியைத் திறந்துவைத்து இடியப்பமும் சம்பலும் பரிமாறினார்கள். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழாவை விட்டுவிட்டு வந்த எனக்கு இது அந்தத் திருவிழாவே தேடி வந்தமாதிரி.

எனக்கும் ஒரு தட்டை நீட்டிய பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி இந்தியாவோ? சாப்பிடுங்கோ, சாப்பிடுங்கோ. எங்கட சனத்துக்கு இது மடு மாதா மாதிரி. ஊருக்குப் போக ஏலாத காலத்தில இஞ்சதான் வந்து அழுதனாங்கள்."

"அண்ணன் எப்ப இங்க வந்தீங்க?"

"நான் எண்பத்தஞ்சில வந்தனான். காம்பில இருக்கேக்க ஒரு சொல்லும் விளங்காது. கரித்தாஸில இருந்து ஒரு அம்மா வந்து கடிதங்கள் எல்லாம் வாசிச்சுச் சொல்லுவா. பனிக்குக் கோட் தந்ததும் அவவேதான். அரசாங்கக் காசு எண்டு பிறகுதான் தெரியும்."

அந்தக் கடைசி வாக்கியத்தில் நான் புதன்கிழமை ஏரிக்கரையில் படித்தது முழுதும் இருந்தது. ஜெர்மனியில் முதியோர் இல்லம், பாலர் பள்ளி, அகதி ஆலோசனை இவற்றில் பெரும்பகுதியை அரசு நேராக நடத்துவதில்லை. கத்தோலிக்க கரித்தாஸ், புரொட்டஸ்டண்ட் டியாகோனி போன்ற அமைப்புகள் நடத்துகின்றன, செலவில் பெரும்பங்கு அரசுடையது. கரித்தாஸ் 1897இல் கொலோனில் தொடங்கியது. முதலில் பக்கத்தில் இருப்பவர் செய்யட்டும், அரசு பின்னால் நின்று தாங்கட்டும் என்ற கொள்கையை அடெனாவர் அரசு 1961இல் சமூக உதவிச் சட்டத்திலேயே எழுதியது. சுற்றுமடலின் ஒரு பத்தி, சட்டமாகி, கடைசியில் பாஷை தெரியாத யாழ்ப்பாணத்து இளைஞனுக்கு ஒரு கோட்டாக வந்து சேர்ந்திருக்கிறது. அதே கட்சிதான் பிறகு அகதிச் சட்டங்களை இறுக்கியது என்பதையும் அண்ணன் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்பதுபோல் சொன்னார்.

ஆறாம் நாள், ஞாயிறு: ஸ்டாப்ஹார்ஸ்ட்

நேற்றிரவு ஸ்வோலேயில் கல்லூரி நண்பன் வீட்டில் தங்கினேன். காலையில் காரை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். ஞாயிறன்று அந்த ஊருக்குள் கார் சத்தத்தோடு போவதற்கு அவனுக்கே மனமில்லை.

நீளமான ஒற்றைத் தெரு, பச்சை வாசல் வைத்த பண்ணை வீடுகள், சாத்தியிருக்கும் கடைகள். கறுப்பு உடையில் குடும்பம் குடும்பமாக நடந்து போகிறார்கள். வயதான பெண்கள் சிலர் இன்னும் பழைய உடையில். தோளில் போடும் துணியில் வண்ணப் புள்ளிகள். கார்க் கட்டையில் ஆணிகளை அடித்து, அதன் தலையைச் சாயத்தில் தோய்த்து ஒற்றி எடுப்பதாம். துக்க வீட்டுக்காரர்களுக்கு நீலமும் கறுப்பும் மட்டும். கோயில் வாசலில் நின்றவர் எங்கள் கையைக் குலுக்கிக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார்.

வேதாகமத்துச் சங்கீதங்களைப் பாடுகிறார்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவு நீளம், அவசரமே இல்லை. ஆர்கன் முழங்க ஆயிரம் தொண்டைகள் ஒரே சுரத்தில் நிற்கும்போது மரப்பலகை அதிர்வது தொடையில் தெரிகிறது. பிரசங்கம் தொடங்கியதும் பக்கத்திலிருந்த பாட்டி கைப்பையைத் திறந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து என் பக்கம் தள்ளினார். பார்த்தால் வரிசை முழுவதும் அதே அசைவு. ஒரு மணி நேரப் பிரசங்கத்துக்கு அதுதான் துணை.

நெதர்லாந்தில் இன்று இருக்கும் கட்சிகளில் மிகப் பழையது, கண்டிப்பான கால்வின் சபைப் புரொட்டஸ்டண்டுகளான இந்த மக்களின் கட்சி. அரசியல் சீர்திருத்தக் கட்சி, 1918. பொல்லாத கொள்கை உறுதி. 1925இல் வத்திக்கானுக்குத் தூதர் எதற்கு என்று அதன் தலைவர் கெர்ஸ்டன் கொண்டுவந்த ஒரு தீர்மானம், கத்தோலிக்கரும் கால்வின் சபையாரும் சேர்ந்து நடத்திய அமைச்சரவையையே கவிழ்த்தது. பெண்களைத் தேர்தலில் நிறுத்த மாட்டோம் என்று 2012இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள். அதன்பிறகுதான் விதி மாறியது.

எனக்கு அந்தப் பாட்டியைப் பிடித்துப்போனது. ஆனால் 1971இல் இந்த ஊரில் போலியோ பரவியது, ஐந்து பேர் இறந்தார்கள். கடவுளின் சித்தத்துக்கு மேல் தடுப்பூசி எதற்கு என்று பெற்றோர் மறுத்திருந்தார்கள். அரசு வாசலில் நிற்க வேண்டும் என்று நான் ஐந்து நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்த வாசலுக்குள் ஒரு குழந்தை காய்ச்சலில் கிடந்தால்? பாட்டி கொடுத்த பெப்பர்மின்ட் காகிதம் இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை.

ஏழாம் நாள், திங்கள்: ஆம்ஸ்டர்டாம்

அணைச் சதுக்கத்தில் அரண்மனைக்குப் பக்கத்தில் புதிய ஆலயம். பெயர்தான் புதியது, 15ஆம் நூற்றாண்டுக் கட்டடம். இன்று பெரும்பாலும் கண்காட்சிக் கூடம்.

1886 ஜனவரியில் இங்கே ஒரு கதவை அறுத்தார்கள். ஆபிரகாம் கெய்ப்பர், பாதிரியார், பத்திரிகையாளர், கட்சித் தலைவர். டச்சுப் புரொட்டஸ்டண்ட் சபையின் மேலிடம் விசுவாசக் கட்டுப்பாட்டைத் தளர்த்துகிறது என்று அவரும் ஆம்ஸ்டர்டாம் மூப்பர்களும் எதிர்த்தார்கள். சபை அதிகாரிகள் எண்பது பேரை ஒரேயடியாகத் தற்காலிக நீக்கம் செய்தார்கள். ஆவணங்கள் இருந்த மூப்பர் அறையின் பூட்டை மாற்றி, கதவுக்குப் பின்னால் இரும்புத் தகடு அடித்து, காவலும் போட்டார்கள். கெய்ப்பர் தரப்பினர் ஆளை வைத்துக் கதவின் ஒரு பலகையை அறுத்து உள்ளே போனார்கள். பத்திரிகைகள் வாரக்கணக்கில் கேலி செய்தன. ஆனால் அந்தச் சபையிலிருந்து ஏராளமானோர் கெய்ப்பரோடு வெளியேறினார்கள்.

அதற்கு ஐந்து வருஷம் முன்பு, 1880 அக்டோபர் 20இல், இதே கட்டடத்தில் அவர் சுதந்திரப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கிவைத்துப் பேசினார். அரசிலிருந்தும் சபை மேலிடத்திலிருந்தும் சுதந்திரம் என்று பொருள். கொலோனில் பேராயர் இல்லாமல் விழா நடந்து ஐந்தே நாள் ஆகியிருந்தது. குடும்பம், பள்ளி, சபை, கலை, வணிகம் ஒவ்வொன்றுக்கும் கடவுள் நேரடியாகத் தந்த தனி வட்டம் உண்டு. அரசு அந்த வட்டங்களுக்கிடையே நியாயம் பார்க்கலாம், எந்த வட்டத்துக்கும் எஜமானாக முடியாது. கத்தோலிக்கர் ஏணியாகப் பார்த்ததை இவர் வட்டங்களாகப் பார்த்தார்.

இந்தக் கருத்துக்கு உடம்பு கொடுத்தது பள்ளிக்கூடம்தான். 1878இல் தாராளவாத அரசு ஒரு பள்ளிச் சட்டம் கொண்டுவந்தது. தரத்தை உயர்த்தியாக வேண்டும், அரசுப் பள்ளிக்குக் காசு உண்டு, வேதப் பள்ளிக்குக் கிடையாது. சட்டத்தில் கையெழுத்திட வேண்டாம் என்று மன்னரிடம் போன மனுவில் 3 லட்சத்துக்கு மேற்பட்ட புரொட்டஸ்டண்டுகளும், தனியாக 1.6 லட்சம் கத்தோலிக்கரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களில் மிகப் பலருக்கு ஓட்டுரிமையே இல்லை. கெய்ப்பர் அவர்களைச் 'சிறிய மக்கள்' என்றார்: மளிகைக் கடைக்காரர், தச்சர், மீனவர். மன்னர் கையெழுத்திட்டார். மறுவருஷமே, 1879 ஏப்ரலில், அந்த மனுவின் கையெழுத்துகளிலிருந்து எதிர்ப்புரட்சிக் கட்சி எழுந்தது. புரட்சி என்று அவர்கள் எதிர்த்தது 1789இன் பிரெஞ்சுப் புரட்சியை, கடவுளுக்குக் கட்டுப்படாத அரசு என்ற எண்ணத்தை. அதற்காகப் பல நூறு வருஷச் சண்டைக்காரர்களான கத்தோலிக்கரோடு கைகோத்தார்கள். 1888இல் கூட்டணி ஆட்சி. 1917இல் அரசியலமைப்பே மாறியது. எந்தச் சமயப் பள்ளியானாலும் அரசுப் பள்ளிக்கு இணையான நிதி. பதிலுக்கு இடதுசாரிகள் கேட்ட ஓட்டுரிமை எல்லா ஆண்களுக்கும்.

கெய்ப்பரை நான் முழு மனதோடு மெச்ச முடியாமல் செய்வது, டச்சுக்காரர் பிடித்த சுமத்ராத் தீவின் ஆச்சே பகுதியில் நடந்தது. 1901 முதல் 1905 வரை அவர் பிரதமர். 1904இல் அங்கே காயோ மலைநாட்டில் டச்சுப் படை ஊர் ஊராக மக்களைக் கொன்றது, பெண்களையும் குழந்தைகளையும் சேர்த்து. ஒவ்வொரு குடும்பமும் கடவுள் தந்த வட்டம் என்றவரின் ஆட்சியில். அந்த மலையில் குடும்பங்கள் இல்லையா?

கத்தோலிக்கக் கட்சியும் இரண்டு புரொட்டஸ்டண்ட் கட்சிகளும் 1980இல் ஒன்றாகக் கரைந்து கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சி ஆயின. 1989இல் 150இல் 54 இடம். 2023இல் ஐந்து. கோயில்கள் காலியானதும் கட்சியும் காலியாகத் தொடங்கியது. சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் இன்று எல்லாச் சமயத்தாரும் படிக்கிறார்கள், சமயமே வேண்டாம் என்பவர்களும்.

ஆனால் 1917இன் அந்தப் பிரிவு இருக்கிறது. அரசியலமைப்பில் இப்போது அது 23ஆவது. 1988 முதல் இஸ்லாமியப் பள்ளிகளும் இந்துப் பள்ளிகளும் அதன் கீழ் அதே நிதியைப் பெறுகின்றன. இந்துப் பள்ளிகளை நடத்துபவர்கள் சூரினாமிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர். இப்போது அந்தப் பிரிவை மாற்ற வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். முஸ்லிம் பள்ளிகளை மூடச் சொல்பவர்களில் கிறிஸ்தவப் பண்பாட்டைக் காக்க வந்ததாகச் சொல்லும் வலதுசாரிகளும் உண்டு. கெட்லர் வேலையை உதறியதும், கொலோன் மக்கள் கைதட்டாமல் நின்றதும், சிறிய மக்கள் கையெழுத்துப் போட்டதும் தெரிந்தால் இவர்கள் இப்படிப் பேசுவார்களா என்று இருந்தது.

மதியம் டிராம் ஏறி நகரத்தின் மேற்குப் பக்கம் போனேன். ஓர் இஸ்லாமிய ஆரம்பப் பள்ளி. கோடை விடுமுறை, கதவு பூட்டியிருந்தது. கண்ணாடியில் பிள்ளைகள் வெட்டி ஒட்டிய சூரியகாந்திப் பூக்கள், மஞ்சள் காகிதம் வெயிலில் வெளுத்து ஓரம் சுருண்டிருந்தது. ஒவ்வொரு பூவின் நடுவிலும் ஒரு பெயர், பென்சிலில். எதிர்வீட்டுப் பெண்மணி சன்னலைத் திறந்து, "அடுத்த வாரம்தான் திறப்பார்கள்" என்றார்.